கோகிலவாணியின் காலி எடை

பிள்ளை விழித்திருந்தால் ஐந்து கிலோ அறுநூறு கிராம். தூங்கிவிட்டால் நாலு லோடுமேன் சேர்ந்தாலும் தூக்க முடியாது. விஷயம் இவ்வளவுதான். ஏன் என்று கேட்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் தேங்காய் பழம் விற்க வந்தவர்கள்.

சங்ககிரி தாண்டி பைபாஸ் ஓரத்தில் இருக்கிற எடைமேடையில் முப்பத்தெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். லாரி ஏறும், பெட்டியில் சிவப்பு எண் வரும், சீட்டு கிழிப்பேன், லாரி இறங்கும். மேடைக்குப் பின்னால் எட்டு வீடு ஒரே வரிசையாக நிற்கும். லைன் வீடு. எட்டாவது என்னுடையது. மூன்றாவதில் பூபதியும் அவன் பெண்டாட்டி கோகிலவாணியும் இருந்தார்கள். இரண்டு பேரும் நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் போகவில்லை, அவளுக்கும் சேர்த்து அவன் போனான். பிள்ளைக்குப் பெயர் வைக்க நேரம் இல்லை. எல்லாரும் அப்புனு என்றார்கள்.

அப்புனுவைக் கீழே போட முடியாது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். பாயில் போட்டால் கத்துவான், கட்டிலில் போட்டால் கத்துவான், தூளியில் போட்டால் தூளி கிழிகிற மாதிரிக் கத்துவான், அம்மாவின் மார்மேல் போட்டால் மட்டும் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தூங்குவான், அதனால் அவள் மூன்று மாதமாக அவனைச் சுமந்துகொண்டே சோறாக்கினாள், சுமந்துகொண்டே துணி துவைத்தாள், சுமந்துகொண்டே தலை சீவினாள், சுமந்துகொண்டே கக்கூஸுக்குப் போய்ச் சுமந்துகொண்டே வந்தாள், ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், விடிந்ததும் மறுபடி சோறாக்கினாள்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறுகிற நேரம், பால் குடித்த வாயோடு அப்புனு அவள் மார்மேல் கண் செருகினான். அடுப்பில் பருப்பு பொங்கிற்று. அவள் எழப் பார்த்தாள். முடியவில்லை.

"ஏனுங்க, அப்புன வாங்குங்க. என்னால எந்திரிக்க முடீல."

பூபதி இரவு ஷிப்ட் முடித்து வந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான். பிரஷை வாயில் கடித்தபடியே வந்து ஒரு கையால் வாங்கினான். வரவில்லை. பிரஷைத் துப்பிவிட்டு இரண்டு கையும் போட்டான்.

"வெளையாடறயா?"

"நானெங்கீங்க வெளையாடறது. பருப்பு தீயுதுங்க."

பருப்பு தீய்ந்தது. பக்கத்து வீட்டு ருக்குமணி வந்து பிடித்தாள். என் மேடையில் சிமெண்ட் லாரிக்காக நின்றிருந்த லோடுமேன்கள் நாலு பேர் வந்து, பிள்ளைக்கு அடியில் துண்டைக் கொடுத்து, ஐலசா போட்டுத் தூக்கினார்கள். பிள்ளைக்கு வலிக்கவில்லை. வாயோரம் பால் நுரை, கனவில் சிரிப்பு. அவளும் நசுங்கவில்லை, மூச்சு ஒழுங்காக வந்தது. எழ மட்டும் முடியவில்லை. ஒன்றேகால் மணி நேரம் கழித்து அப்புனு கண் திறந்தான், கொட்டாவி விட்டான், ஐந்து கிலோ அறுநூறாக ஆனான். அவள் எழுந்து போய்ப் பருப்புச் சட்டியைத் தேய்த்தாள்.

அடுத்த தூக்கத்திலும் அப்படியே. பூபதி தன் மேல் போட்டுப் பார்த்தான். பிள்ளை தூங்கினதும் அவனும் அசைய முடியாமல் கிடந்து ஷிப்டைத் தவற விட்டான். ருக்குமணி தன் மேல் போட்டுப் பார்த்தாள். காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிக்கிறவள் அவள், அன்றைக்கு மத்தியானம் மாவு ஆட்டவில்லை. என்னிடமும் நீட்டினார்கள். நான் பிள்ளைகளைத் தூக்குகிறவன் இல்லை. எனக்கும் மூன்று பிள்ளைகள். வீட்டில் சத்தமாக இருக்கும் என்று நான் கேபினில் படுத்துக்கொள்வேன். அவர்கள் அம்மா பார்த்துக்கொண்டாள்.

மூன்று நாள் பேசினார்கள். நாலாம் நாள் பழகிவிட்டது. லைன் வீட்டில் எதுவும் நாலாம் நாள் பழகிவிடும்.

கோகிலவாணி ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை நகர முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆனதும், சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய் என்று ருக்குமணி சின்ன வெங்காயத்தை உரிக்கக் கொடுத்தாள், சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய் என்று முதல் வீட்டுக்காரி சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள், சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேஸ் சிலிண்டர்காரன் எட்டு வீட்டுச் சிலிண்டரையும் அவள் கதவு முன்னால் இறக்கினான், தபால்காரர் எட்டு வீட்டுக் கடுதாசியையும் அவள் மடியோரம் வைத்தார், ஐந்தாம் வீட்டுக்காரன் தன் சண்டைக்கோழியைக் கொண்டுவந்து அவள் ஜன்னல் கம்பியில் கட்டி, சித்த பார்த்துக்கொள் என்றான். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஓடாமல் ஒரு இடத்தில் இருக்கிற ஆள் என்றால் எல்லாருக்கும் ஒரு வசதி.

"கண்ணத் தொறந்து வெச்சிருக்க ஒரு வேலை வேணுமில்ல, அதுக்குத்தாண்டி குடுக்கறேன்" என்றாள் ருக்குமணி.

"வெங்காயம் எதுக்குங்க்கா. அது இல்லாமயே கண்ணுல தண்ணி வருது."

கேலிக்கும் குறைவில்லை. இவனுக்குத் தொட்டில் கட்டக் கிரேன் வேண்டும் என்றார்கள். இவன் பெரியவனாகிப் பள்ளிக்கூடத்தில் தூங்கினால் பெஞ்சு உடையும் என்றார்கள். அவள் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலி ஒரே மாதத்தில் மூன்று உடைந்தது, கயிற்றுக் கட்டில் இரண்டு அறுந்தது. அதில் ஒரு நாற்காலி, பிள்ளை கையில் இல்லாதபோதே உடைந்தது. நாற்காலிக் கம்பெனியைத் திட்டினார்கள். தடுப்பூசிக்கு அவளையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போன பூபதியின் பைக் டயர் பாதி வழியில் வெடித்தது. பிள்ளை அப்போது விழித்துக்கொண்டிருந்தான். யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

லோடுமேன்கள் நல்லவர்கள். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு லாரி டிரைவர் சீட்டைக் கழற்றி வந்து அவள் வீட்டுச் சுவரோரம் போட்டார்கள். ஸ்பிரிங்கும் பஞ்சும் சிவப்பு ரெக்சினுமாக, உட்கார்ந்தால் ஆளை உள்ளே வாங்கிக்கொள்ளும். "இது ஒடையாது தங்கச்சி. இருவது டன் வண்டியோட சீட்டு" என்றார்கள்.

பிறகுதான் எடை போட்டோம். ஒரு காலை பத்து மணிக்கு, விழித்த பிள்ளையோடு அவள் மேடைக்கு நடந்து வந்து, இரும்புத் தகட்டின் நடுவில் பாய் விரித்து உட்கார்ந்து பால் கொடுத்தாள். அப்புனு தூங்கினான். பெட்டியில் எண் 390. அவள் ஆஸ்பத்திரி அட்டையில் தாயின் எடை 46 என்று எழுதியிருந்தது. கழித்தேன். பிள்ளை 344 கிலோ. சீட்டு கிழித்துப் பூபதியிடம் கொடுத்தேன். என் கையெழுத்தோடு கொடுத்தேன்.

அந்தச் சீட்டை அவன் கண்ணாடி போட்டு மாட்டினான். அதோடு நிம்மதி போயிற்று. எடப்பாடியிலிருந்தும் குமாரபாளையத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கனத்த அப்பன் என்று பெயர் வைத்தார்கள். தூங்கும்போது காலைத் தொட்டால் பாரம் இறங்கும் என்றார்கள், வரிசையில் நின்று தொட்டார்கள், தொட்ட வேகத்தில் பிள்ளை எழுந்துவிடும், எழுந்தால் கனம் போய்விடும், கனம் போனால் பார்க்க வந்தவர்களுக்கு முகம் தொங்கிவிடும், அதனால் மறுபடி தூங்க வை தூங்க வை என்று அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள், அவள் தூங்க வைப்பாள், அவர்கள் தொடுவார்கள். அவளை யாரும் தொடவில்லை. ஒரு அம்மாள் மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கென்ன கண்ணு, சாமிய மடீல வெச்சிருக்கற" என்றாள். கோகிலவாணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் வெகுநேரம் அப்படியே நின்றது. அதை எடுத்துவிட மறந்துவிட்டாள்.

மாசி பிறந்து நர்ஸ் ஜெசிந்தா வந்தார். சுகாதார நிலையத்து நர்ஸ். ஸ்கூட்டியை எடைமேடை மேலேயே ஏற்றி நிறுத்துகிறவர். கூட்டத்தைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், லாரி சீட்டைப் பார்த்தார். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு லாரி சீட்டைப் பார்த்துத்தான் சத்தம் போட்டார்.

"யாரு இதக் கொண்டாந்து போட்டது?"

"ஒடையாதுங்க சிஸ்டர்" என்றான் பூபதி.

"ஒடையாது. புள்ளைதான் ஒடையும். இதுல ஒக்காந்து இவ கண்ணசந்தான்னா புள்ள சரிஞ்சு இந்தச் சந்துல போயிரும். மூக்கு அமுங்கினா கத்தக்கூட முடியாது. கட்டையாட்டம் கெட்டியா, மட்டமா ஒரு எடம். அதுல மல்லாக்க. தலகாணி கூடாது, கடுகு தலகாணியும் கூடாது, துணி மூட்டை கூடாது, பக்கத்துல யாரும் படுக்கக் கூடாது. புள்ள தனியாப் படுக்கோணும். புரியுதா?"

"கீழ போட்டா அழுவறானுங்க" என்றாள் கோகிலவாணி.

"அழட்டும். தூக்கு. மறுபடி போடு."

"போடறேனுங்க. இருவது வாட்டி போடறேன். இருவத்தொண்ணாவது வாட்டி எனக்குக் கை வர்றதில்லீங்க."

 ஜெசிந்தா விழித்திருந்த பிள்ளையைத் துணியில் கட்டி ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு, ஐந்து அறுநூறு என்று எழுதினார். பூபதி கண்ணாடி போட்ட சீட்டைக் காட்டினான். "என் நோட்டுல இதுக்குக் கட்டமில்ல" என்றார். வெளியே வந்ததும் என்னிடம் மட்டும் சொன்னார், போன ஆடியில் மில்லுக்கு அந்தப் பக்கத்து லைனில் ஒரு நாலு மாதப் பிள்ளை இப்படித்தான் போயிற்று, அப்பன் மார்மேல், அவன் நாற்காலியில், பட்டப்பகலில், ரெண்டு ஷிப்ட் முடித்து வந்து. "அவன் இன்னும் அந்த நாற்காலியத் தூக்கிப் போடல."

நடுவில் ஒரு சுவர்தானே. கோகிலவாணிக்குக் கேட்டுவிட்டது.

அன்றிலிருந்து அவள் சாய்வதை விட்டாள். பிள்ளை தூங்கும்போது எழ முடியாது, எழ முடியாத இடத்தில் தூங்கவும் கூடாது, தூங்கினால் பிள்ளை போய்விடும். ஜன்னலோரம் நேராக உட்கார்ந்துகொண்டு தன் சடையை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டாள். தலை தொங்கினால் சடை இழுக்கும், முழிப்பு வரும். இந்தப் பக்கக் கம்பியில் ஐந்தாம் வீட்டுச் சண்டைக்கோழி, அந்தப் பக்கக் கம்பியில் இவள். எட்டு வீட்டுச் சாவியும் மடியோரம். எதிரே லாரிகள் ஏறின, இறங்கின, ஏறின, இறங்கின. நான் என் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். அவள் கண் திறந்தே இருக்கும். எதையும் பார்க்காது. லைனில் இதற்கும் நாலாம் நாள் பழகிவிட்டார்கள். முதல் வீட்டுக்காரி, கம்பியில் இடம் இருக்கிறதே என்று துணி காயப் போட்டாள்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணிக்கு மின்சாரம் போயிற்று. என் பெட்டி மட்டும் பேட்டரியில் ஓடிற்று. ஃபேன் நின்றதும் லைன் முழுக்க ஒரு அமைதி. ஜன்னலில் அவளைக் காணவில்லை. கோழி மட்டும் இருந்தது. கம்பியில் ஒரு கொத்து முடி.

போய்ப் பார்த்தேன். சிவப்புச் சீட்டில் கிடந்தாள். எப்படி அங்கே வந்து உட்கார்ந்தாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. வாய் திறந்திருந்தது. பிள்ளை மார்மேலிருந்து வழுக்கி, அவள் கைக்கும் சீட்டின் முதுகுக்கும் நடுவில், முகம் ரெக்சினில் புதைந்து.

நான் சத்தம் போட்டேன். ருக்குமணி ஓடி வந்தாள். கோகிலவாணி முகத்தில் தண்ணீர் அடித்தோம், கன்னத்தில் அடித்தோம், அவள் எழவில்லை, ஐந்து மாதத் தூக்கம் அவளைப் பிடித்துவைத்திருந்தது. பிள்ளையை இழுத்தோம். பிள்ளை தூங்குகிறது. தூங்குகிற பிள்ளை அவள் மேலிருந்து வராது. முகத்தைத் திருப்பப் பார்த்தேன், திரும்பவில்லை. காது நீலமாக ஆகிறது, என் கண் முன்னால் ஆகிறது, அதைத் தூக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிஷம் கிடையாது.

ருக்குமணிக்குத்தான் தோன்றிற்று. "எழுப்புங்க! புள்ளைய எழுப்புங்க!" என்று அலறிக்கொண்டு அப்புனுவின் உள்ளங்காலை நகத்தால் கிள்ளினாள். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது கிள்ளலில் உடம்பு உதறிற்று. ஐந்து கிலோ அறுநூறு ஆனது. உருவி எடுத்தாள். ஒரு மூச்சு இழுத்தான். பிறகு கத்தினான். அந்தக் கத்தலில் லைன் முழுக்க வந்துவிட்டது.

கோகிலவாணி அப்போதுதான் எழுந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள், யாரும் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழவில்லை. "அவன எங்கிட்டக் குடுக்காதீங்க" என்றாள். "இனி எங்கிட்டக் குடுக்காதீங்க." சொல்லும்போதே அவள் ரவிக்கை பால் கசிந்து நனைந்தது.

யாரிடம் கொடுப்பது? ருக்குமணி மேல் தூங்கினால் அவளாலும் எழ முடியாது. பூபதி மில்லில். வாசலில் சென்னியப்பன் நின்றான்.

சென்னியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் வீடு. நாற்பது வயது, ஒண்டிக்கட்டை. இரண்டு மில்லில் வாட்ச்மேனாக இருந்து, இரண்டிலும் தூங்கினதற்காக நிறுத்தப்பட்டவன். உட்கார்ந்தால் தூங்குவான், சாய்ந்தால் தூங்குவான், வேப்பமரத்தடியில் ஒரு தடவை நின்றுகொண்டே தூங்கி எறும்பு ஏறிற்று. ராத்திரி ஒன்பதுக்குப் படுத்தால் காலை எட்டு. மத்தியானம் தனி. அவனைக் கொறட்டை என்றுதான் கூப்பிடுவோம். ருக்குமணி பிள்ளையை அவன் கையில் திணித்தாள், வேறு கை இல்லை.

அவன் வாங்கித் தோளில் போட்டுத் தட்டினான். அப்புனு விக்கி விக்கி அடங்கித் தூங்கிப்போனான். சென்னியப்பன் அவனைத் தூக்கிக்கொண்டு வாசலில் நடந்தான். அந்தக் கோடிக்குப் போனான், இந்தக் கோடிக்கு வந்தான். குனிந்து செருப்பைச் சரி பண்ணினான்.

எல்லாரும் பார்த்தோம். "டேய் கொறட்ட, புள்ள தூங்கறான்டா" என்றாள் ருக்குமணி.

"ஆமாங்க்கா. மெதுவாப் பேசுங்க."

"கனக்கலயா?"

"புள்ளதானுங்க்கா, என்ன கனம்?"

எனக்கு அப்போதுதான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வண்டி மாறினால் சுமையின் எடை மாறுமா? மாறாது. அப்படியானால் நான் சுமையை எடை போடவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுத்த பாடம்: காலி எடையை வண்டிப் புத்தகத்தில் பார்க்காதே, ஒவ்வொரு தடவையும் வண்டியைக் காலியாக ஏற்றிப் பார். லாரி சேறு அப்பிக்கொண்டு வரும், தண்ணீர் டிரம் நிறைந்து வரும், ஸ்டெப்னி ஒன்று கூடுதலாக வரும். ஆயிரம் டிரைவர்கள் புத்தகத்தைக் காட்டியிருக்கிறார்கள், ஒருவனையும் நான் நம்பியதில்லை. இவளுக்கு மட்டும் அட்டையைப் பார்த்து 46 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"கோகிலா, வா. மேடைக்கு வா" என்றேன்.

"எதுக்குங்க மாமா?"

"கேக்காத. வா."

வெறுங்கையோடு வந்தாள். தகட்டின் நடுவில் நின்றாள். எலும்பும் தோலுமாக, பின்தலையில் ஒரு கொத்து முடி பிய்ந்து, காற்றடித்தால் விழுகிறவள் மாதிரி.

பெட்டியில் எண் 380.

இறங்கச் சொன்னேன். பூஜ்யம். ஏறச் சொன்னேன். 380. சென்னியப்பனிடமிருந்து பிள்ளையை வாங்கி ஒரு பலகையில் மல்லாக்கப் போட்டுத் தகட்டில் வைக்கச் சொன்னேன். என் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும், அதற்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. பூஜ்யத்துக்கும் பத்துக்கும் நடுவில் எண் துடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் கனத்த அப்பன். தேங்காய் உடைத்தவர்கள் அத்தனை பேரும் தப்பான ஆள் காலைத் தொட்டிருக்கிறார்கள்.

 மில்லிலிருந்து ஓடி வந்த பூபதி பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தானும் ஏறினான். 240. இறங்கிவிட்டான்.

"அப்ப எம் புள்ள கனமில்லீங்களா?" என்றாள்.

"இல்ல."

"நாந்தானுங்களா?"

"தூக்கம். நீ தூங்காதது."

அவள் யோசித்தாள். "அப்ப இங்கயே சித்த படுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் தகட்டிலேயே படுத்துவிட்டாள். பங்குனி வெயிலில் இரும்பு கொதிக்கும். லோடுமேன்கள் நாலு குடம் தண்ணீர் ஊற்றினார்கள், பாயைச் சொருகினார்கள், கேபினுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவில் தார்ப்பாய் இழுத்துக் கட்டினார்கள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

பலகையில் கிடந்த அப்புனு எழுந்து கத்தினான். சென்னியப்பன் தூக்கினான், தட்டினான், போட்டான். கத்தினான். தூக்கினான், தட்டினான், போட்டான். நான் எண்ணினேன், முப்பத்தேழு தடவை. முகம் சுளிக்கவில்லை, உஷ் என்று அதட்டவில்லை, யாரையும் திட்டவில்லை. எட்டு மணி வரை தூங்கி எழுந்தவனுக்குக் கோபம் எங்கிருந்து வரும்? முப்பத்தெட்டாவது தடவை அப்புனு பலகையில், மல்லாக்க, தலையணை இல்லாமல், தனியாக, முகம் வானத்தைப் பார்க்கத் தூங்கினான். பக்கத்தில் சம்மணம் போட்டுக் கொறட்டை உட்கார்ந்தான், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு.

பைபாஸில் லாரிகள் சேர ஆரம்பித்தன. முதல் டிரைவர் ஹாரன் அடித்தான். ருக்குமணி கரண்டியோடு போனாள். அதற்கப்புறம் யாரும் அடிக்கவில்லை. என்ன என்று கேட்டு இறங்கி வந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், துண்டை விரித்து வண்டி நிழலிலேயே படுத்தார்கள். டிரைவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முதலாளி போன் பண்ணினார். மேடை ரிப்பேர் என்றேன்.

அரை மணியில் 370. இன்னொரு அரை மணியில் 360. எண் மாறும்போது பெட்டியில் ஒரு சின்னச் சத்தம் வரும். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் அதற்காகக் காத்திருந்தார்கள். 350. 340. பிறகு அப்புனுவுக்குப் பசித்துவிட்டது. அதைச் சென்னியப்பனால் தட்டி அடக்க முடியாது. அவள் எழுந்தாள், 340 கிலோவோடு எழுந்தாள், முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு பிள்ளையை வாங்கினாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு வரச் சொன்னேன். ஏறினாள். 370. இறங்கின நாற்பதில் முப்பதை ராத்திரி திரும்ப ஏற்றிவிட்டது.

"பத்துதானுங்களா மாமா கொறஞ்சுது?"

"பத்து."

அவள் விரல் விட்டு எண்ணப் பார்த்தாள், நடுவில் விட்டுவிட்டுப் படுத்தாள்.

லைன் அதற்கும் பழகிவிட்டது. பதினொன்றிலிருந்து ஒன்று வரை எடைமேடை மூடல் என்று பலகை மாட்டினேன். டிரைவர்கள் அதற்குத் தக்கபடி வந்தார்கள். ருக்குமணி வெங்காயத்தைத் தானே உரித்தாள். கோழி ஐந்தாம் வீட்டுக்கே போயிற்று. சிவப்புச் சீட்டை லோடுமேன்களே தூக்கிப் போய் எரித்தார்கள், ஸ்பிரிங் மட்டும் கொஞ்சநாள் கிடந்தது. சென்னியப்பனை இப்போது யாரும் கொறட்டை என்பதில்லை. ராத்திரி ஒன்பதுக்கு அவன் படுத்ததும் எட்டு வீட்டிலும் டிவி சத்தத்தைக் குறைக்கிறார்கள். அவன் தூங்கியாக வேண்டும். ஜெசிந்தா வந்து பலகையைத் தட்டிப் பார்த்து, மட்டமாக இருக்கிறது என்றார். பிள்ளைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் வந்த வாரம் 350 வரை இறங்கியிருந்த அவள் எடை மறுபடி 380 ஆயிற்று. பிறகு மறுபடி பத்துப் பத்தாக.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது நினைவு வந்தது. என் பெண்டாட்டி ராமாத்தாள் போய் ஒன்பது வருடம். நாற்பது கிலோ இருப்பாள், மூன்று பிள்ளை பெற்றும் சதை பிடிக்கவில்லை. நாலு பேர் தூக்குகிற பாடையை எட்டு பேர் தூக்கினோம். மயானம் போவதற்குள் மூன்று தடவை இறக்கினோம். பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூங்கில் பச்சை, மழையில் ஊறிவிட்டது என்றேன். எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

அது சித்திரை மாதம். மழை இல்லை.

ஒரு நாள் மேடை காலியாக இருந்தபோது ஏறிப் பார்த்தேன். அறுபது. கல்யாணத்தின்போதும் அறுபதுதான்.

நேற்று சென்னியப்பனுக்கு உடம்பு சரியில்லை. பதினொரு மணிக்குக் கோகிலவாணி பிள்ளையோடு தகட்டில் நின்றாள், யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்தாள். 290. கேபினை விட்டு இறங்கிப் போய் இரண்டு கையையும் நீட்டினேன்.

"நீங்களா மாமா?"

"படு."

படுத்தாள். பிள்ளை என் தோளில் கொஞ்ச நேரம் திமிறினான், மூக்கை என் கழுத்தில் தேய்த்தான், தூங்கிப்போனான். நான் காலை அகட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்சமாவது கனக்கும் என்று நினைத்தேன்.

கனக்கவில்லை. பலகையில் மல்லாக்கப் போட்டேன். கத்தினான். தூக்கினேன்.